ஈய லம்பத்துச் சோறு: மலாயாச் சுரங்கத் தொழிலாளரிடையே பெரிபெரி, ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவின் ஈய லம்பங்களில், அதாவது வெள்ளீயச் சுரங்கங்களில், வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் பெரிபெரி நோயில் விழுந்தார்கள். முதலில் கால் மரத்துப்போகும். அப்புறம் உடம்பு ஊதும், மூச்சு வாங்கும், சிலருக்கு நெஞ்சு திடீரென்று நின்றுவிடும். அதே ஊர்களில், அதே மழையிலும் சேற்றிலும் ரயில் பாதை போட்ட தமிழர்களுக்கு இந்த நோய் அரிதாகத்தான் வந்தது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று ஒரு மருத்துவர் 1901இல் எழுதினார். அது மருத்துவர் மாநாடு ஒன்று ஒப்புக்கொள்ளும் முடிவாக மாற 1910 ஆகிவிட்டது. இடையில் என்ன பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள், எந்தெந்த முடிவை எதற்காக எடுத்தார்கள் என்பதே இந்த ஆய்வு.

நோயாளிகள் யாருடைய பெயரும் இதில் இல்லை. மருத்துவர்களின் பெயர்கள் பொதுப் பதிவில் இருப்பவை, அவற்றைத் தந்திருக்கிறேன்.

பின்னணி: லம்பமும் தவுக்கேயும்

பேராக் மாநிலத்தின் லாருட் பகுதியில் 1848இல் லோங் ஜாஃபார் என்ற மலாய்த் தலைவர் ஈயம் வெட்டத் தொடங்கினார். ஆள் தேவைப்பட்டது. பினாங்கிலிருந்து சீனர்கள் வந்தார்கள். அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அங்கே ஹை சான், கீ ஹின் என்ற இரண்டு சங்கங்களின் ஆட்கள் லம்பத்துக்காகவும் தண்ணீருக்காகவும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். அந்தச் சண்டையைக் காரணம் காட்டித்தான் ஆங்கிலேயர் உள்ளே வந்தார்கள். 1874 ஜனவரி 20 அன்று பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சண்டை நடந்த ஊருக்கு ‘நிலைத்த அமைதி’ என்று பொருள்படும் தைப்பிங் என்ற சீனப் பெயர் வந்தது. 1885இல் அங்கிருந்து போர்ட் வெல்டு துறைமுகம் வரை மலாயாவின் முதல் ரயில் பாதை ஓடியது. அந்த ரயில் ஏற்றிப்போனது ஈயத்தைத்தான்.

பிறகு அதே பேராக்கில் கிந்தா பள்ளத்தாக்கிலும் லம்பங்கள் திறந்தன. கோலாலம்பூரைச் சுற்றியும் வெட்டினார்கள். நூற்றாண்டு முடியும்போது உலகத்து ஈயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து போனது. அதில் பெரும்பகுதி தகரத் தகட்டுக்குப் பூச்சாகப் போனது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாப்பாட்டைக் கெடாமல் அடைத்து வைத்த டப்பாக்கள் அந்தத் தகட்டில் செய்தவை.

வெட்டியவர்கள் பெரும்பாலும் தென்சீனத்தின் குவாங்துங் பக்கத்துக் கிராமத்து இளைஞர்கள். புதிதாக வந்தவனை ‘சின்கே’ என்பார்கள். கப்பல் கூலியை யாரோ கட்டியிருப்பார்கள். அந்தக் கடனுக்காக அவன் சில மாதமோ ஒரு வருடமோ சொன்ன லம்பத்தில் வேலை செய்தாக வேண்டும். கடன் தீர்ந்தவன் ‘லாவ்கே’, பழைய ஆள். அவன் விரும்பிய இடத்துக்குப் போகலாம், போக முடிந்தால்.

வேலை இப்படி. மேல் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். அடியில் ஈயக் கல் கலந்த மணல் அடுக்கு கிடக்கும். அதைக் கூடையில் அள்ளி, இரண்டு கூடையையும் காவடி மாதிரி தோளில் தாங்கி, குழியின் அடியிலிருந்து கரைக்கு ஏற வேண்டும். ஏணி என்று ஒன்று இருக்காது. ஒரு நீண்ட மரத்தைச் சாய்த்துப் போட்டு, அதில் கால் வைக்கக் கோடரியால் பள்ளம் செதுக்கியிருப்பார்கள். மழையில் அது வழுக்கும். முழங்காலில் பிடிப்பு இல்லாதவன் அதில் ஏற முடியாது. பின்னால் வரப்போவதற்கு இந்த மரம் முக்கியம்.

தூங்குவது கொங்சி வீட்டில்: அத்தாப்பு ஓலைக் கூரை, நடுவில் நடை, இரண்டு பக்கமும் நீளப் பலகை. சாப்பாடு லம்பத்தில். அந்தச் சாப்பாட்டை ஏற்பாடு செய்தது பணம் போட்ட தவுக்கே, அதாவது சீன முதலாளி. லம்பம் நடத்துகிறவனுக்கு அவர்தான் முன்பணம் தருவார்; ரொக்கமாகக் கொஞ்சம், சரக்காக நிறைய. அரிசி, எண்ணெய், உப்பு மீன், புகையிலை, அபின் எல்லாம் அவர் கடையிலிருந்து வரும், சந்தை விலைக்கு மேல். எடுத்த ஈயத்தை அவரிடமே விற்க வேண்டும், சந்தை விலைக்குக் கீழே. தொழிலாளி தின்றதும் புகைத்ததும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பல லம்பங்களில் கணக்குப் பார்ப்பது ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ வருடத்துக்கு ஒரு தடவையோதான். சுருக்கமாகச் சொன்னால், தட்டில் என்ன அரிசி விழ வேண்டும் என்பதைத் தின்கிறவன் முடிவு செய்யவில்லை.

அந்த அரிசி சயாமிலிருந்து வந்த பச்சரிசி. ஆலையில் அரைத்து, தவிடு முழுக்க நீக்கி, பளபளவென்று வெள்ளையாக இருக்கும். மூட்டையாக வந்து கடையில் பல வாரம் கிடக்கும்.

கண்டது

வந்து இறங்கிய வாரத்தில் நோய் வராது. சில மாதம் நன்றாக உழைப்பான். பிறகு காலில் ஊசி குத்துவதுபோல இருக்கிறது என்பான். அந்த மரத்தில் ஏறும்போது முழங்கால் மடங்கும். மருத்துவர்கள் இரண்டு எளிய சோதனை வைத்திருந்தார்கள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால், பிசைந்த மாவில் அழுத்தியதுபோலக் குழி அப்படியே நிற்கும். குந்தி உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்திரு என்றால், நோய் பிடித்தவனால் எழ முடியாது. குழிக்குள் நாள் முழுக்கக் குந்தி எழுந்த ஆளுக்கு அது முடியாமல் போவதைப் பார்த்த லம்பத்து ஆட்களுக்கு, சோதனை இல்லாமலே விஷயம் தெரிந்திருக்கும்.

ஈரமும் ஆள் நெருக்கமும் எல்லா லம்பத்திலும் உண்டு. புதிதாகக் காட்டை வெட்டித் திறந்த இடங்களில் நோய் அதிகம் தெரிந்தது. சிறையிலும் மனநலக் காப்பகத்திலும்கூட வந்தது. ஆண்களுக்கு, அதிலும் திடமான இளைஞர்களுக்கு அதிகம். மலாய்க் கிராமங்களில் மிகக் குறைவு. தமிழ்க் கூலிகளிடமும் மிகக் குறைவு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமிழர்கள் அங்கே சுகமாக இருந்தார்கள் என்று யாரும் நினைக்கக் கூடாது. தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயின. இந்த ஒரு நோய் மட்டும் அவர்களை ஒதுங்கிப் போனது. ஏன் என்று கேட்க அதுவே போதுமான காரணமாக இருந்திருக்க வேண்டும்.

முதலில் எடுத்த முடிவுகள்

அந்தக் காலத்து மருத்துவத்துக்கு நோய் என்றால் இடம், காற்று, ஈரம், இல்லாவிட்டால் கிருமி. கிருமியைக் கண்டுபிடித்து பெரிய வெற்றிகள் கிடைத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஆகவே பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருக்கும் என்று எதிர்பார்த்ததில் தவறு சொல்ல முடியாது. கட்டடத்தைக் கழுவினார்கள், வடிகால் வெட்டினார்கள், நோயாளியை இடம் மாற்றினார்கள்.

கோலாலம்பூரில் 1900இல் ஒரு மருத்துவ ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட். புடு சிறைக் கைதிகளிடம் பெரிபெரியை ஆராய்ந்து, வாய் வழியாக உள்ளே போகும் ஒரு கிருமிதான் காரணம் என்ற முடிவில் உறுதியாக இருந்தார். இடத்தில் இருக்கிறது நோய் என்று நம்பினால் இடத்தைத்தான் சுத்தம் செய்வார்கள். அரிசி மூட்டை அப்படியே இருந்தது.

இடத்தை மாற்றிய சில நோயாளிகளுக்குக் குணமானது. அது அந்த நம்பிக்கைக்கு வலு சேர்த்திருக்கும். இடம் மாறும்போது சாப்பாடும் மாறுகிறது என்பது கணக்கில் வரவில்லை.

அடுப்பைப் பார்த்த மருத்துவர்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அரசு மருத்துவராக இருந்தவர் லியோனார்ட் பிராட்டன். அவர் 1901இல் முன்வைத்த வாதம் எளிமையானது. மூன்று கூட்டத்தார் ஒரே மண்ணில் வாழ்கிறார்கள், மூன்று பேரும் அரிசிதான் தின்கிறார்கள். மலாய்க்காரர் தம் வயல் நெல்லை அவ்வப்போது வீட்டில் குத்தித் தின்கிறார். தமிழர் புழுங்கல் அரிசி தின்கிறார். சீனர் ஆலையில் தீட்டிய பச்சரிசியை, அதுவும் நாள்பட்டதைத் தின்கிறார். நோய் கிட்டத்தட்ட மூன்றாமவருக்கு மட்டும்.

புழுங்கல் அரிசியை நமக்கு விளக்கத் தேவையில்லை, இருந்தாலும் இங்கே ஒரு முறை சொல்லிப் பார்ப்பது நல்லது. நெல்லை உமியோடு ஊறவைக்கிறோம். அண்டாவில் ஏற்றி, உமி இலேசாக வாய் பிளக்கும் வரை அவிக்கிறோம். களத்தில் கொட்டி, காலால் அளைந்து காயவைக்கிறோம். அப்புறம்தான் குத்துவதோ அரைப்பதோ. வீடே அவித்த நெல் வாசனையில் இருக்கும். உமிக்கு அடியில் தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் என்ற சத்து (இது குறைந்தால் வருவதுதான் பெரிபெரி), இந்த ஊறலிலும் ஆவியிலும் நீரில் கரைந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் பெரும்பகுதி உள்ளேயே தங்கும். பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும். அவித்தவர்கள் அரிசி உடையாமல் இருக்கவும், பூச்சி அரிக்காமல் நாள்பட நிற்கவும் அவித்தார்கள். அந்த அண்டா ஒரு கூட்டத்தையே காப்பாற்றிக்கொண்டிருந்தது அவர்களுக்கும் தெரியாது.

இன்று தெரிகிற இந்த விளக்கம் பிராட்டனிடம் இல்லை. நாள்பட்ட பச்சரிசியில் ஏதோ பூஞ்சணம் போன்ற ஒன்று வளர்ந்து விஷத்தை உண்டாக்குகிறது, நெல்லை அவிக்கும்போது அது தடைபடுகிறது என்று அவர் நினைத்தார். காரணம் தப்பு. ஆனால் செய்ய வேண்டியது என்னவோ அதில் அவர் சரி: அரிசியை மாற்று. கிருமிக் கொள்கைக்காரர்கள் அவருடைய காரணத்தோடு மோதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அரிசி மாறவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான். அரிசியை மாற்றிப் பார்க்க விஷமா, கிருமியா, குறைபாடா என்று தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

காப்பகத்தில் ஒற்றை, இரட்டை

1905இல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பெரிபெரி பரவியது. அந்த வருடம் அங்கே இருந்த 219 பேரில் 94 பேருக்கு நோய்; 27 பேர் இறந்தார்கள். வில்லியம் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் பிராட்டன் சொன்னதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

1905 டிசம்பர் 5. காப்பகத்தில் இருந்தவர்களைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் ஒரு கூடத்துக்கு, இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் எதிர்க் கூடத்துக்கு. ஒரு கூடத்துக்குச் சயாம் பச்சரிசி, இன்னொன்றுக்கு வங்காளத்துப் புழுங்கல் அரிசி. மற்ற எல்லாம் ஒன்றே. பிறகு வந்து சேர்ந்தவர்களையும் மாறி மாறிப் பிரித்தார்கள். கட்டடத்தில்தான் நோய் இருக்கிறது என்று யாராவது சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக, 1906இன் நடுவில் இரண்டு கூட்டத்தையும் கூடம் மாற்றிவைத்தார்கள், அரிசியை மாற்றவில்லை.

1906 முடிந்தபோது கணக்கு இது. பச்சரிசி தின்ற 120 பேரில் 30க்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி, 18 பேர் சாவு. புழுங்கல் அரிசி தின்ற 123 பேரில் நோய் கண்டவர் இருவர். அந்த இருவரும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். நோய் கூடத்தைத் தொடரவில்லை, அரிசியைத் தொடர்ந்தது. ஃபிளெச்சர் இதை 1907இல் வெளியிட்டார்.

மருத்துவ வரலாற்றில் இதை முறையான சோதனைக்கு ஆரம்பகால எடுத்துக்காட்டாகப் பாராட்டுகிறார்கள். ஆள் பிரித்த முறையும் கூடம் மாற்றிய யோசனையும் பாராட்டத் தக்கவைதான். ஆனால் அந்த 18 பேரைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. ‘எனக்கு அந்த அரிசி வேண்டாம்’ என்று சொல்லும் நிலையில் அவர்களில் யாரும் இல்லை. பிராட்டனின் வாதம் வெளிவந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. ஒரு கூடத்தில் ஒருவர் பின் ஒருவராக விழுவதும், எதிர்க் கூடத்தில் ஒருவரும் விழாததும் வருடம் முடிவதற்குள்ளேயே தெரிந்திருக்கும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற விதி அன்று யாரிடமும் இல்லை.

காட்டுப் பாதையில் முந்நூறு பேர்

காப்பகம் மூடிய இடம், அங்கே வேறு ஏதாவது காரணம் இருக்கலாம் என்ற சந்தேகம் மிச்சமிருந்தது. ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசர், ஸ்டாண்டன் இருவரும் வெளியே போனார்கள். நெகிரி செம்பிலானில் துரியான் தீபூஸ் பக்கம் காட்டுக்குள் சாலை போட, ஒப்பந்தத்தில் வந்த சாவகத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 300 பேர் இருந்தார்கள். முன்பு யாரும் குடியிருக்காத காடு. பழைய கட்டடம், பழைய கிருமி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு கூட்டத்துக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. ஏறத்தாழ மூன்று மாதத்தில் பச்சரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டியது. பிறகு அரிசியை மாற்றினார்கள். நோயும் கூட்டம் மாறியது.

அதற்கு மேல் அவர்கள் செய்ததுதான் முடிச்சை அவிழ்த்தது. கோழிகளுக்குத் தீட்டிய பச்சரிசி போட்டபோது கால் விளங்காமல் போனது. அன்றன்று புதிதாகத் தீட்டிய அரிசியிலும் அப்படியே. ஆகவே நாள்பட்டதால் வரும் விஷம் என்ற பேச்சு அடிபட்டுப் போனது. தீட்டும்போது விழுந்த தவிட்டைச் சேர்த்தபோது கோழிகள் தப்பின. அரிசியில் ஏதோ கூடியதால் வந்த நோய் இல்லை, ஏதோ போய்விட்டதால் வந்தது என்று 1909 வாக்கில் தெளிவாகிவிட்டது. பக்கத்திலேயே, பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா), டச்சு மருத்துவர் ஐக்மான் 1890களில் கோழிகளிடம் இதே போன்ற ஒன்றைப் பார்த்திருந்தார்.

‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று வீட்டில் பிள்ளைகளைச் சீண்டுவோமே, விலையே இல்லாததற்கு நாம் சொல்லும் அந்தத் தவிடுதான் ஆலையில் தள்ளுபடியாகிக்கொண்டிருந்தது.

அதன் பின்

1910இல் மணிலாவில் கூடிய கீழை நாட்டு வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே தொடர்ந்து தின்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானம் போட்டது. 1912இல் காசிமிர் ஃபுங்க் இத்தகைய சத்துகளுக்கு ‘வைட்டமின்’ என்று பெயர் வைத்தார். 1926இல் பத்தாவியாவில் தவிட்டிலிருந்து தயமினைப் படிகமாகவே பிரித்தெடுத்தார்கள்.

மலாயாவில் சிறை, காப்பகம் போன்ற இடங்களில் அரிசியை மாற்றுவது எளிது. அங்கே வாங்குவது அரசாங்கம். லம்பத்தில் அப்படி முடியவில்லை. அரிசி தவுக்கே கடையிலிருந்து வந்தது, அவர் தமக்குப் பழகிய வியாபாரத்தில் வாங்கினார். தொழிலாளருக்கும் புழுங்கல் அரிசியின் வாசனை பிடிக்கவில்லை. அதையும் குறை சொல்ல முடியாது; பழக்கமில்லாதவருக்கு அந்த வாசனை ஊசிப்போனதுபோல இருக்கும். வெள்ளை அரிசி ஏழை வீட்டில் திருநாளுக்கு வருவது. கடல் கடந்து வந்தவனுக்குத் தினமும் வெள்ளைச் சோறு கிடைத்தது அவன் கண்ட ஒரே முன்னேற்றமாகக்கூட இருந்திருக்கலாம். சேர்த்துத் தின்ன பயறும் பன்றி இறைச்சியும் கீரையும் போதுமான அளவு இருந்திருந்தால், அந்த வெள்ளை அரிசியோடே அவன் பிழைத்திருப்பான். தட்டில் சோறு மலைபோல, பக்கத்தில் துண்டு உப்பு மீன் என்று இருந்ததுதான் கொன்றது. உழைப்பு கூடக் கூட, சோறு கூடக் கூட, அந்தச் சத்து உடம்புக்கு இன்னும் அதிகம் தேவைப்படும்.

அடுத்த ஆண்டுகளில் நோய் குறைந்தது, ஒழியவில்லை. 1912, 1913 வாக்கில் முதல் ஈயக் கப்பல், அதாவது மிதந்தபடி ஈய மண்ணைத் தோண்டி அள்ளும் இயந்திரம், வந்து, நூற்றுக்கணக்கான ஆட்கள் வெட்டியதை இயந்திரமே அள்ளத் தொடங்கியது. கொங்சி வீடுகள் குறையத் தொடங்கியதில் அரிசிக்கு எவ்வளவு பங்கு, இயந்திரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம்.

இன்று என்றால் என்ன மாற வேண்டும்

முதல் கேள்வி மாற வேண்டும். ‘யாருக்கு வருகிறது’ என்று கேட்டவர்கள் இனத்தின் பெயரைப் பதிலாக எழுதி நிறுத்திக்கொண்டார்கள். ‘யாருக்கு வரவில்லை, அவர்கள் என்ன சமைக்கிறார்கள்’ என்று கேட்க ஒருவர் தேவைப்பட்டார். அதைக் கேட்கத் தொழிலாளரின் மொழி தெரிந்த ஒருவர் கூட இருந்தாலே போதும். சமையல்காரரிடம் பேச வேண்டும். மேற்பார்வையாளரிடம் கேட்டால் ‘அரிசி’ என்ற ஒரே சொல்தான் வரும்.

சந்தேகமான அரிசியை மாற்றுவதால் கெடுதல் இல்லை என்னும்போது, காரணம் உறுதியாகும் வரை காத்திருக்கக் கூடாது. சோதனை நடத்தியே ஆக வேண்டும் என்றால், இத்தனை பேருக்கு நோய் கண்டால் நிறுத்துவது என்று முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். மறுத்துப் பேச முடியாதவர்களை அதற்குப் பயன்படுத்தவே கூடாது. இவை இன்று ஆய்வு நெறி விதிகளில் இருக்கின்றன.

கடைசியாக, சாப்பாட்டை யார் வாங்குகிறார் என்பது. இதில்தான் இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது. இந்த நூற்றாண்டிலும், மாதக்கணக்கில் கடலிலேயே கிடக்கும் மீன்பிடிக் கப்பல் தொழிலாளரிடையே பெரிபெரி பதிவாகியிருக்கிறது: கரை தொடாத கப்பல், வெள்ளைச் சோறு, தீர்ந்துபோன காய்கறி. வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியைப் பார்க்கப் போகும் சுகாதாரப் பணியாளர் கட்டிலையும் கழிவறையையும் எண்ணிவிட்டுத் திரும்புகிறார். சமையல்கட்டுக்குப் போய் மூட்டையைப் பிரித்து என்ன அரிசி என்று பார்க்கட்டும். அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன, சாப்பாட்டுக்கென்று சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று கேட்கட்டும். நாலு பேரைக் குந்தி உட்கார்ந்து எழச் சொல்லட்டும்; அதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.